ஆவியோடு ஏறுவது எது? வீட்டு பீரின் மிச்சத்தை வடிக்கும் கணக்கு

மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறவைத்து வீட்டிலேயே 20 லிட்டர் பீர் போடுகிறவரிடம் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சநஞ்சமல்ல. நாலரை கிலோ மால்ட், தண்ணீர் குடித்து உப்பி, சுமார் 6 கிலோ சக்கையாகக் கிடக்கும். கொதித்த பானையின் அடியில் ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) புரதமும் கலந்த பச்சைச் சேறு. நொதிக்கலத்தின் அடியில் ஒன்று, ஒன்றரை லிட்டர் ஈஸ்ட் மண்டி. இவற்றோடு, நினைத்தபடி வராமல் போன பீர் இரண்டு மூன்று பெட்டி கராஜ் மூலையில் தூசி படிந்து நிற்கும். கொட்ட மனம் வராது. குடிக்க வாய் வராது.

நியூசிலாந்தில் இந்த மிச்சத்துக்கு ஒரு போக்கிடம் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சாராயம் வடிப்பதை அந்த நாடு 1996இல் சட்டபூர்வமாக்கியது. விற்கத்தான் கூடாது. பீர் போடும் சாமான் விற்கிற கடையிலேயே எவர்சில்வர் கொதிகலனும் செம்பு மூடியும் ஷெல்ஃபில் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் இதே வேலை 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். இலங்கையிலும் பிரிட்டனிலும் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது. ஆகவே கீழே வருவது நியூசிலாந்து கராஜுக்கான கணக்கு. அதை அங்கேயே வைத்துப் படிக்கவும்.

மிச்சத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் இருக்கிற குறை ஆவியோடு ஏறுமா, பானையிலேயே தங்குமா? பீர் போடுகிறவர் பயப்படுகிற பல விஷயங்கள் ஆவியில் ஏறாதவை. சக்கையை அதிகம் அலசினால் இறங்கும் துவர்ப்பு, ஹாப்ஸின் கசப்பு, கலங்கல், நிறம், லாக்டிக் புளிப்பு எல்லாம் பானையோடு நின்றுவிடும். பீரில் அவர் பெரிதாகக் கண்டுகொள்ளாத சில விஷயங்களோ ஆவிக்கென்றே பிறந்தவை: வெண்ணெய் வாடை, நெயில் பாலிஷ் வாடை, கந்தக வாடை. பீரில் இலேசாகத் தெரிந்த வெண்ணெய் வாடை, இருபது லிட்டரை நாலு லிட்டராகச் சுருக்கிய பிறகு மூக்கில் அறையும். சுமாரான பீரைக் காய்ச்சினால் நல்ல சரக்காகிவிடும் என்ற நம்பிக்கை பாதி இடத்தில்தான் பலிக்கும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் ஒரு நாள் உழைப்பும் மின்சாரமும் மிச்சம்.

இது ஏதோ கஞ்சத்தனத்தில் கண்டுபிடித்த வேலை அல்ல. ஜெர்மன்காரர்கள் பீரை வடித்து எடுப்பதற்கு பீர்பிராண்ட் என்று பெயர். ஈஸ்ட் மண்டியை வடிப்பதற்கு ஹெஃபெபிராண்ட். ஐரோப்பிய ஒன்றியத்தின் மதுபான விதிகளில் இரண்டுக்கும் தனித்தனி வகை இருக்கிறது: ஆல்கஹால் 86 சதவீதத்துக்குக் குறைவாக நிற்கும்படி வடிக்க வேண்டும், பாட்டிலில் குறைந்தது 38 சதவீதம் இருக்க வேண்டும். அந்த 86 சும்மா போட்ட எண் அல்ல. அதற்கு மேல் சுத்தமாக வடித்தால் பீரின் வாசனை போய் வெறும் எரிசாராயம்தான் கையில் நிற்கும். ஜப்பானில் சாகே பிழிந்த சக்கையிலிருந்து கசுதோரி ஷோச்சு, இத்தாலியில் திராட்சைச் சக்கையிலிருந்து கிராப்பா. மிச்சத்தை வடிப்பது பழைய புத்தி.

மிஞ்சிய பீர்

முதலில் பரிசோதனை. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் பீரைச் சின்ன வாணலியில் ஊற்றி, மின் அடுப்பில் சூடாக்குங்கள். ஆவி கிளம்பத் தொடங்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கையால் விசிறி மோந்து பாருங்கள். முதல் இரண்டு நிமிட ஆவிதான் பின்னால் உங்கள் பாட்டிலில் இருக்கப்போவது. ரொட்டி, தேன், வறுத்த தானியம் மாதிரி வந்தால் தைரியமாக வடிக்கலாம். பாப்கார்னில் ஊற்றுகிற வெண்ணெய் மாதிரி வந்தால் அது டைஅசிட்டைல், விட்டுவிடுங்கள். பேண்டேஜும் ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வந்தால் குழாய்த் தண்ணீர்க் குளோரினும் மால்ட்டின் ஃபீனாலும் சேர்ந்த வேலை. எந்த வடிகலமும் அதைக் காப்பாற்றாது. அழுகிய முட்டை வாடை அடித்தால் பயமில்லை. கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும்.

காடி வாடை தனிக்கதை. பீர் காடியாவது என்றால் அதன் ஆல்கஹாலை பாக்டீரியா தின்று அசிட்டிக் அமிலமாக்கிவிட்டது என்று அர்த்தம். வடிக்க வேண்டிய பொருளே பாதி போய்விட்டது. மிச்ச அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எத்தில் அசிட்டேட் ஆகும். அது 77 டிகிரியில் கொதிக்கும், ஆல்கஹால் 78.4இல். இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. லேசான காடி என்றால் முதல் வடியில், அதாவது முதல் தடவை வடித்துக் கிடைத்ததில், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு ஓர் இரவு வைத்து மறுபடி வடித்தால் ஓரளவு தேறும். முழுக் காடி என்றால் காடியாகவே வைத்துக்கொண்டு ஊறுகாய்க்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அதே புளிப்பு லாக்டிக் பாக்டீரியாவால் வந்திருந்தால், மூக்கில் காடி ஏறாமல் மோர் மாதிரி நாக்கில் மட்டும் புளித்தால், கவலையே வேண்டாம். லாக்டிக் அமிலம் ஆவியாகிப் போகிற ஜாதி அல்ல.

ஹாப்ஸ் அதிகம் போட்ட ஐபிஏ வகைதான் எல்லாரும் தயங்குகிற இடம். கசப்பைத் தருகிற ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் பானையில் நின்றுவிடும். வாசனையைத் தருகிற எண்ணெய்கள் முழுசாக மேலே வரும். நெல்சன் சாவின், மொட்டுவேகா போன்ற நியூசிலாந்து ஹாப்ஸ் போட்ட புதிய பீர் என்றால் எலுமிச்சை, வெள்ளைத் திராட்சை வாசனையோடு ஜின்னுக்குப் பக்கத்தில் வரும் ஒன்று கிடைக்கும். பழசாகிப் போன ஹாப்ஸ் என்றால் பழைய சீஸ் வாடை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிற பீரைத் தாராளமாக ரிஃப்ளக்ஸ் வடிகலத்துக்கு (ஆவியை உயரமான குழாயிலேயே திரும்பத் திரும்பக் குளிர்வித்து ஏற்றிச் சுத்தமாக்கும் கலம்) அனுப்பி, வாசனையில்லாத சாராயமாக எடுத்து, அதில் ஜூனிபர் போட்டு ஜின் ஆக்கிக்கொள்ளலாம். லாகர், கோதுமை பீர், ஹாப்ஸ் குறைந்த ஸ்டவுட், மனுகா கட்டையில் புகையூட்டிய மால்ட் பீர், இவை பாட் ஸ்டில்லுக்கு, அதாவது வாசனையைத் தக்கவைக்கும் எளிய பானை வடிகலத்துக்கு.

அடுத்தது வாயுவை வெளியேற்றுவது. இதை விட்டுவிட்டு வடிக்க உட்கார்ந்தவர் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார். பாட்டில் பீரில் அதன் அளவைப்போல இரண்டரை மடங்கு கார்பன் டைஆக்சைடு கரைந்திருக்கும். 20 லிட்டரில் 50 லிட்டர் வாயு. சூடேறும்போது அது மொத்தமும் வெளியே வர, பீரின் புரதம் அதை நுரையாகப் பிடித்துக்கொள்ள, நுரை குழாய் வழியாக நேரே குளிர்விப்பானுக்குள் போகும். வடிவது பழுப்பு நிறத்தில் வந்தால் பானை பொங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி, பீரை ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு உயரத்திலிருந்து ஐந்தாறு தடவை ஊற்றி ஒரு இரவு திறந்து வையுங்கள். வடிக்கப்போகிற பீருக்குக் காற்றுப் பட்டால் ஒன்றும் குடிமுழுகாது. பாட்டில் அடியில் படிந்த ஈஸ்டை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

25 லிட்டர் கொதிகலனில் 18 லிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது. நுரை அடக்கும் சிலிகோன் திரவம் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் புளியங்கொட்டை அளவு வெண்ணெய் போதும், அதுவும் முதல் வடிக்கு மட்டும். 2,000 வாட் ஹீட்டர் 18 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். 5 சதவீத பீர் 95, 96 டிகிரியில் கொதிக்கும். 90ஐத் தொட்டதும் சக்தியைப் பாதியாகக் குறைத்து, முதல் சொட்டு விழும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பொங்குவதென்றால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பொங்கும். பால் காய்ச்சத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல.

முதல் வடியில் எதையும் பிரிக்க வேண்டாம். வேகமாக, வந்ததையெல்லாம் ஒரே பாத்திரத்தில் பிடியுங்கள். தொடக்கத்தில் 40 சதவீதத்தை ஒட்டி வரும், போகப் போக இறங்கும். வருவது 8, 10 சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்திவிடலாம். 5 சதவீத பீர் 20 லிட்டரில் சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டர்தான். அதிலிருந்து 4 லிட்டர் முதல் வடி, சராசரி 22, 23 சதவீதத்தில் கிடைத்தால் சரியாகச் செய்தீர்கள் என்று பொருள். 18 லிட்டராகவே ஏற்றினாலும் இதே விகிதம்தான். இப்படி 60 லிட்டர் பீர் சேர்ந்த பிறகுதான் இரண்டாம் வடியைப் பற்றி யோசிக்க வேண்டும். 20 லிட்டரோடு இரண்டாம் வடிக்குப் போனால் தலையும் வாலும் (முதலிலும் கடைசியிலும் வரும் வேண்டாத பகுதிகள்) வெட்டிய பிறகு நடுவில் ஒரு டம்ளர் மிஞ்சும்.

மண்டியும் சக்கையும் சந்திக்கிற நாள்

தனித்தனியாகப் பார்த்தால் ஈஸ்ட் மண்டியிலும் மால்ட் சக்கையிலும் பெரிதாக ஆல்கஹால் கிடையாது. இரண்டையும் சர்க்கரையோடு சேர்த்தால் ஒரு முழு ஊறல் ஆகிவிடும். (ஊறல் என்ற சொல் இன்றைக்குப் போலீஸ் செய்திகளில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது, ‘500 லிட்டர் ஊறல் அழிப்பு’ என்று. வடிக்கத் தயாரான நொதித்த கலவைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லாததால் இங்கே அதுவே.)

இதில் நேரம்தான் முக்கியம். மால்ட் சக்கை வெதுவெதுப்பாகக் கிடந்தால் மறுநாளே புளித்துவிடும், இரண்டாம் நாள் நாறும். ஈஸ்ட் மண்டி ஃபிரிட்ஜில் மூடியைத் தளர்த்தி வைத்தால் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். ஆகவே பழைய பீரை பாட்டிலில் அடைக்கிற நாளையும் புது பீர் போடுகிற நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே நாளில் கைக்கு வரும். காலையில் பாட்டில் வேலை. மண்டியை மூடி வைக்க வேண்டும். மதியத்துக்குள் புது மால்ட்டின் சாறு வடிந்து பானைக்குப் போயிருக்கும். அது கொதிக்கிற ஒரு மணி நேரத்தில் சக்கையைக் கவனிக்கலாம்.

வடிகட்டிய சக்கையின் மேல் 75 டிகிரி தண்ணீர் 10 லிட்டர் ஊற்றி, கட்டி இல்லாமல் கிளறி, அரை மணி நேரம் மூடி வைத்து வடியுங்கள். சக்கை ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருப்பதால் ஊற்றிய 10 லிட்டரும் அநேகமாகத் திரும்பி வரும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் (வெறும் தண்ணீர் 1.000) 1.012இலிருந்து 1.020க்குள் காட்டும். பீர் என்றால் இவ்வளவு நீர்த்த சாறை எடுக்க எந்தப் புத்தகமும் சம்மதிக்காது, தோலின் துவர்ப்பு இறங்கும் என்று. துவர்ப்பு ஆவியில் ஏறாது. கடைசிச் சொட்டு வரை பிழியலாம்.

இந்தச் சாறைப் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு, 3 கிலோ வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து மொத்தம் 20 லிட்டராக்குங்கள். அடர்த்தி 1.064இலிருந்து 1.068 வரும். நொதித்து முடிந்தால் ஒன்பது, ஒன்பதரை சதவீதம். ‘இன்னும் இரண்டு கிலோ போட்டால் என்ன’ என்று கை அரிக்கும். போடாதீர்கள். சர்க்கரை லிட்டருக்கு 17 கிராமுக்கு ஒரு சதவீதம் என்று ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டே போகலாம்தான். ஏற்கெனவே ஒரு பீரை நொதிக்கவைத்துக் களைத்த ஏல் ஈஸ்ட் 10 சதவீதத்துக்கு மேல் திணறும். திணறும் ஈஸ்ட் தருகிற வாடைகள் எல்லாம் ஆவியில் ஏறுகிற ரகம்.

மண்டி முழுவதையும் கொட்ட வேண்டாம். கெட்டியான மண்டி அரை லிட்டர் தாராளம். கலவை 25 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். மீதி மண்டியில் ஒரு டம்ளரைக் கொஞ்சம் தண்ணீரோடு பத்து நிமிடம் கொதிக்க வைத்து அதையும் உள்ளே ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட், உயிருள்ள ஈஸ்டுக்கு உணவு. சர்க்கரையில் நைட்ரஜன் கிடையாது, இரண்டாம் சாறிலும் குறைவு. அதை ஈடுகட்டத்தான் இது. பீர் ஆலைகளின் மிச்ச ஈஸ்டிலிருந்துதான் மார்மைட் செய்கிறார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் ரொட்டியில் மார்மைட் தடவி வளர்ந்தவர்களுக்கும் ஆச்சரியமாக இருக்கலாம். அதே சத்துத்தான் இங்கேயும் உதவுகிறது. கடையில் கிடைக்கும் டைஅமோனியம் பாஸ்பேட் என்றால் 20 லிட்டருக்கு 10 கிராம் போதும். வயலுக்குப் போடுகிற யூரியாவைத் தொடவே கூடாது. அது ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் கார்பமேட் என்ற நச்சைத் தரும்.

சர்க்கரை ஊறல் பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அமிலத்தன்மைதான் காரணம். மால்ட் சாறு அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீருக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய பிஹெச் சரிந்து, மூன்றரைக்குக் கீழே போனால் ஈஸ்ட் சோர்ந்து படுத்துவிடும். ஐந்தாறு முட்டை ஓடுகளைக் கழுவிக் காயவைத்து நொறுக்கி, மெல்லிய துணியில் முடிந்து முதல் நாளே உள்ளே போட்டுவிட்டால் போதும். அமிலம் ஏறும்போது ஓடு கரையும், இறங்கினால் சும்மா கிடக்கும். பிறகு எடுத்துப் பார்த்தால் ஓடு காகிதம்போல மெலிந்திருப்பது தெரியும்.

ஐந்திலிருந்து எட்டு நாளில் குமிழி அடங்கும். ஹைட்ரோமீட்டர் இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எண்ணை, 1.000க்குக் கீழேயோ ஒட்டியோ, காட்டினால் முடிந்தது. அவசரப்பட்டு உடனே வடிக்க உட்காராமல் குளிர்ந்த இடத்தில் நாலைந்து நாள் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் குழாயால் இறக்குங்கள். மண்டியோடு கொதிக்க வைத்தால் ஹீட்டரின் மேல் ஈஸ்ட் படிந்து அடிப்பிடிக்கும். பால் அடிப்பிடித்தால் பாயசம் முழுக்கத் தீய்ந்த வாடை ஏறுகிற மாதிரியேதான் இதுவும். அந்த வாடை இரண்டாம் வடியிலும் போகாது. ஜெர்மன்காரர்கள் மண்டியையே வடிக்கிறார்களே என்றால், அவர்களுடைய கலம் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். நேரடிச் சூடு படாது. ஹீட்டர் உள்ளே நிற்கும் வீட்டுக் கொதிகலனில் அந்த விளையாட்டு வேண்டாம். படிந்துவிட்டால் வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துத் துடைத்தால் கழன்றுவரும்.

இரண்டாம் வடி

பீரிலிருந்து வந்த முதல் வடியையும் சர்க்கரை ஊறலிலிருந்து வந்ததையும் கலக்கலாமா? கலக்காமல் இருப்பது நல்லது. பீர் வடியில் மால்ட்டின் குணம் நிற்கும், அதைப் பாட் ஸ்டில்லில் மெதுவாக எடுத்தால் மரத்துண்டு போட்டு ஊறவைக்கத் தகுதியானது. சர்க்கரை ஊறல் என்னதான் மால்ட் சக்கையைத் தொட்டு வந்தாலும் மெல்லிய சரக்குத்தான். அதை ரிஃப்ளக்ஸில் ஏற்றிச் சுத்தமாக எடுப்பதே அதற்கு மரியாதை.

60 லிட்டர் பீரிலிருந்து வந்த 12 லிட்டர் முதல் வடியை எடுத்துக்கொள்வோம். 23 சதவீதம். கொதிகலனில் போகிற எதுவும் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தீ விஷயத்தில் பாதுகாப்பான வரம்பு. இது அதற்கு நன்றாகவே கீழே. இந்தத் தடவை அவசரம் கூடாது. சொட்டு எண்ணுகிற வேகத்துக்கும் மெல்லிய நூலாக ஒழுகுகிற வேகத்துக்கும் நடுவில் நிற்கும்படி சூட்டை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் 150 மில்லியைத் தனியே பிடித்துவிடுங்கள். அது அடுப்புத் துடைக்க, ஸ்டிக்கர் பசை எடுக்க. பிறகு எண்ணிட்ட கண்ணாடி ஜாடிகளில் 200 மில்லி, 200 மில்லியாகப் பிடிக்க வேண்டும். இருபது ஜாடி வரை தேவைப்படும்.

தலை, நடு, வால் எங்கே மாறுகிறது என்பதை வெப்பமானியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாட் ஸ்டில்லில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் வரும், பங்கு மட்டும் மாறிக்கொண்டே போகும். மூக்குத்தான் கருவி. தலையில் பசை, நெயில் பாலிஷ் வாடை, கண்ணோரத்தில் ஒரு சுளீர். அது அடங்கியதும் பிஸ்கட், தேன் மாதிரி ஒரு இனிப்பு. 60 சதவீதத்தை நெருங்கும்போது ஈர அட்டைப்பெட்டி, நனைந்த நாய் வாடை எட்டிப்பார்க்கும், அங்கிருந்து வால். ஆனால் வடிக்கிற இடத்தில் நிற்கும்போதே முடிவு செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் ஆவியில் நின்ற மூக்கு எதையும் சரியாகச் சொல்லாது. ஜாடிகளின் வாயைத் துணியால் மூடி ஒரு நாள் விட்டு, மறுநாள் காலை சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்து அதே அளவு தண்ணீர் கலந்து சுவைக்க வேண்டும். நடுவிலிருக்கும் நல்ல ஜாடியில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வெளியே போங்கள். ‘இதையும் சேர்க்கலாமா’ என்று சந்தேகம் வருகிற ஜாடியைச் சேர்க்காதீர்கள். அது வீணாகாது, தலையும் வாலும் அடுத்த முதல் வடியோடு சேர்ந்து மறுபடி பானைக்குப் போகும்.

கடைசியில் கையில் நிற்பது 68 சதவீதத்தில் 1.9 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 42 சதவீதத்துக்கு இறக்கினால் 3 லிட்டர். 60 லிட்டர் பீருக்கு நாலு பாட்டில். ஆல்கஹால்மீட்டர் 20 டிகிரிக்கு அளவிட்டது, வெதுவெதுப்பான சாராயத்தில் கூடுதலாகக் காட்டும். ஆறிய பிறகு அளவெடுங்கள். ஹாப்ஸ் பீரிலிருந்து வந்தது என்றால் தண்ணீர் சேர்த்ததும் பாலாக வெளுக்கலாம். கெட்டுப்போகவில்லை, எண்ணெய்கள் கரையாமல் பிரிகின்றன. 46 சதவீதத்திலேயே நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் தெளிவாக நிற்கும்.

வடிவது நீலமாக வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். பழைய, செத்த ஈஸ்ட் நிறைந்த ஊறலிலோ, சோடா அதிகம் போட்ட ஊறலிலோ அமோனியா கிளம்பும். அது செம்பைக் கரைத்துக்கொண்டு இறங்குவதுதான் அந்த அழகான நீலம். குடிக்கக் கூடாது. சோடாவைத் தெளிந்த முதல் வடியில் மட்டும் போடச் சொல்வது இதற்காகத்தான், ஈஸ்ட் மிதக்கும் ஊறலில் அல்ல.

மெத்தனால், தீ, ஈயம்

தமிழில் சாராயம் என்று எழுதினால் படிப்பவர் மனதில் முதலில் வருவது மெத்தனால்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்ட பிறகு அது இயல்பும்கூட. அங்கே நடந்தது வடித்ததில் வந்த பிழை அல்ல. தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்றது. நொதித்தலில் மெத்தனால் பழத்தோலின் பெக்டினிலிருந்து வருகிறது. மால்ட்டிலும் சர்க்கரையிலும் அது பொருட்படுத்தத்தக்க அளவில் கிடையாது; நீங்கள் ஊற்றிய பீரில் இருந்ததைவிட ஒரு சொட்டுக்கூட வடிகலம் புதிதாக உண்டாக்காது. முதல் 150 மில்லியைத் தள்ளுவது அசிட்டோனுக்கும் எத்தில் அசிட்டேட்டுக்கும் சுவைக்கும். மெத்தனால் கலந்த திரவத்தை முதல் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டுச் சுத்தமாக்கிவிடலாம் என்று நினைப்பதுதான் உண்மையில் ஆபத்து. அது நடக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆல்கஹாலை ஒருபோதும் பானையில் ஊற்றாதீர்கள்.

வீட்டு வடிப்பில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் தீ. ஆல்கஹால் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் கராஜ் மூலையில் இருக்கும் கேஸ் ஹீட்டரின் சின்னச் சுடரைத் தேடிக் கண்டுபிடிக்கும். கேஸ் அடுப்பு வேண்டாம், மின்சாரம் மட்டும். கதவு திறந்திருக்கட்டும். குளிர்விக்கிற தண்ணீர் நின்றுபோனால் ஆவி நேராக அறைக்குள் வரும்; வடிகிற குழாயைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். பிடிக்கிற பாத்திரம் நிரம்பி வழிவது அடிக்கடி நடக்கிற விபத்து, அதனால்தான் சின்ன ஜாடி, அதனால்தான் யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில். குழாயின் நுனி ஜாடியிலிருக்கும் திரவத்தில் முங்கக் கூடாது. சூட்டை அணைத்ததும் கொதிகலன் உள்ளே உறிஞ்சும்; திரவத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், குழாய் அடைபட்டிருந்தால் மெல்லிய தகரக் கலம் நசுங்கியும் போகும். எந்த இடத்திலும் வால்வு போட்டு அடைக்காதீர்கள்.

ஆவி படுகிற வழியில் செம்பு, எவர்சில்வர், கண்ணாடி, இணைப்புக்கு டெஃப்லான். பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக்கினால் அதன் பற்றாசிலிருந்து ஈயம் இறங்கும். ரப்பர் குழாயும் சாதாரண பிளாஸ்டிக்கும் சூடான சாராயத்தில் கரையும். மூடி இடுக்கில் ஆவி கசிந்தால் பிரியாணி தம் போடும்போது விளிம்பில் ஒட்டுகிற மாதிரி கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டிவிடலாம். ஆயிரம் ரப்பர் வாஷரை விட அது மேல். உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதுதான்.

பானையில் மிஞ்சுவது

வடித்து முடிந்த பானையிலும் ஒரு மிச்சம் இருக்கும்: சூடான, புளித்த, ஆல்கஹால் போன திரவம். அடுத்த சர்க்கரை ஊறலுக்குத் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு இதைச் சேர்க்கலாம். சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துக்கொள்ள வசதி. அமெரிக்காவில் சவர் மேஷ் என்று செய்வதும் இந்த வழிதான். நாலில் ஒன்றுக்கு மேல் போனால் அமிலமும் உப்பும் சேர்ந்து ஈஸ்ட் படுத்துவிடும். முட்டை ஓட்டு முடிச்சு இந்தத் தடவை இரண்டாகப் போடுங்கள். ஹாப்ஸ் பீர் வடித்த பானையின் திரவத்தை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். அங்கே தங்கிய கசப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது, ஹாப்ஸில் இருக்கிற கிருமி தடுக்கும் குணமும் சேர்ந்து.

இரண்டாம் சாறும் பிழிந்தாயிற்று என்றால் சக்கையைக் கோழிக்குப் போடலாம், காயவைத்து அரைத்து ரொட்டி மாவில் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம், மீதி உரக்குழிக்கு. பானை அடியின் பச்சைச் சேறு மட்டும் வடிகலத்துக்கு லாயக்கில்லை. அதிலிருக்கும் சர்க்கரை கொஞ்சம், அடிப்பிடிக்கிற புரதம் நிறைய. உரக்குழியில் போடும்போது மேலே மண் தள்ளி மூடுங்கள், வீட்டில் நாய் இருந்தால் கட்டாயம். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. தின்ற நாய்க்கு உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, சில மணி நேரத்தில் செத்துப்போகலாம். மால்ட்டின் இனிப்பு வாசம் அதைச் சரியாக அங்கேதான் கூட்டிக்கொண்டு போகும்.